கட்சியே இல்லாமல், சுயேச்சைகளை மட்டும் வைத்து ஆட்சி நடத்த முடியாதா?

நடத்தலாம், ஆனால் ஒவ்வொரு பட்ஜெட்டுக்கும் ஒவ்வொரு எம்.எல்.ஏ.வாகப் போய்க் கெஞ்ச வேண்டியிருக்கும். 1967-இல் ஹரியானாவில் சுயேச்சையாக ஜெயித்த கயா லால் இரண்டே வாரத்தில் மூன்று முறை கட்சி மாறினார். ‘ஆயா ராம், கயா ராம்’ (‘ராம் வந்தார், ராம் போனார்’) என்ற கட்சித் தாவிகள் பற்றிய கிண்டல் அங்கே பிறந்ததுதான். கட்சி என்று ஒன்று இருந்தால்தான், சொன்னதைச் செய்யாதபோது அடுத்த தேர்தலில் யாரைத் தோற்கடிப்பது என்று வாக்காளருக்குத் தெரியும்.

சரி, அதற்காக 1985-இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் கொண்டுவந்தார்களே, பிரச்சினை தீர்ந்ததா? எங்கே! எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி இடும் கொறடா உத்தரவை மீறினால் பதவியே போகலாம் என்பதால், தொகுதி மக்கள் எதிர்க்கிற மசோதாவுக்கும் கை தூக்கியாக வேண்டும், ஆனால் ஒரு கட்சியின் எம்.எல்.ஏ.க்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் சேர்ந்து இன்னொரு கட்சியோடு இணைந்துவிட்டால் சட்டம் ஒன்றும் செய்யாது. அப்புறம், பதவியைப் பறிப்பதா என்று முடிவெடுப்பவர் சபாநாயகர், அவரோ பெரும்பாலும் ஆளுங்கட்சிக்காரர்.