செகண்ட் ஹேண்ட் பி.எம்.டபிள்யூ., ஆடி வாங்கலாமா? வாசகர் கேள்வி-பதில்

பத்து வருடத்துக்கு முன் நாற்பது லட்சம் கிட்ட விற்ற ஸ்போர்ட்ஸ் செடான்கள் இன்று புது ஹேட்ச்பேக் விலையில் கிடைக்கின்றன. கேள்விகள் குவிவதில் ஆச்சரியமில்லை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: இறங்கியிருப்பது காரின் விலைதான். அதன் ஹெட்லைட், டர்போ, கியர்பாக்ஸ் எல்லாம் இன்னமும் நாற்பது லட்சம் ரூபாய் காரின் பாகங்கள்தான்.

2014 மாடல் பி.எம்.டபிள்யூ. 320டி, 92,000 கி.மீ., இரண்டாவது ஓனர். 12 லட்சம் சொல்கிறார்கள். ஆபீஸ் 6 கி.மீ. தூரம், தினமும் போய்வர வேண்டும். எடுக்கலாமா? – கோவை வாசகர்

காரைப் பார்ப்பதற்கு முன் உங்கள் ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். 6 கி.மீ. போவதற்குள் டீசல் என்ஜின் சரியாகச் சூடே ஆகாது. புகைக்கரி ஈ.ஜி.ஆர். வால்விலும் (புகையில் ஒரு பங்கை மீண்டும் என்ஜினுக்குள் அனுப்பும் வால்வு) காற்று உள்ளே போகும் இன்டேக் மேனிஃபோல்டிலும் படிந்துகொண்டே போகும். நாளடைவில் இழுவை மந்தமாகும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் கரும்புகை வரும். வாரம் ஒருமுறை அவிநாசி ரோட்டில் அரை மணி நேரம் விரட்டினால் கொஞ்சம் தாங்கும். அதற்கு நேரமில்லை என்றால் டீசலே வேண்டாம்.

அடிக்கடி வெளியூர் போவீர்கள் என்றால் மேலே படியுங்கள். இந்தக் காரில் இருப்பது என்47 என்ஜின். இதன் டைமிங் செயின் (வால்வுகளை நேரம் தவறாமல் திறந்து மூட வைக்கும் சங்கிலி) முன்பக்கம் இல்லை. கியர்பாக்ஸை ஒட்டிப் பின்பக்கம் இருக்கிறது. செயின் தளர்ந்தாலோ அதைத் தாங்கும் கைடு உடைந்தாலோ மாற்றுவதற்கு கியர்பாக்ஸை, பெரும்பாலும் என்ஜினையே, கழற்றியாக வேண்டும். 2011-க்கு முன் தயாரான என்ஜின்களில்தான் இந்தத் தொல்லை அதிகம். 2014 காரில் வாய்ப்பு குறைவு, ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. காலையில் முதல் ஸ்டார்ட் உங்கள் எதிரில்தான் நடக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானட் மேல் கை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் முன்பே ஓடவிட்டிருக்கிறார்கள். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடலாம். ஸ்டார்ட் செய்து 1,500-லிருந்து 2,000 ஆர்.பி.எம். வரை மெதுவாக ஏற்றி, பானட்டின் பின்முனையில், கண்ணாடிக்கு அருகில் காது கொடுங்கள். டீசலின் வழக்கமான கடகடப்பு வேறு. சங்கிலி தகரத்தில் உரசுவதுபோல் ஒரு சரசரப்பு கேட்டால் எவ்வளவு விலை குறைத்தாலும் அந்தக் கார் வேண்டாம்.

ஆயில் பில்கள் முக்கியம். பி.எம்.டபிள்யூ.வின் எல்எல்-04 தரமுள்ள 5டபிள்யூ-30 ஆயில், 5.2 லிட்டர். காரின் கம்ப்யூட்டர் காட்டும் சர்வீஸ் இடைவெளி நம் வெயிலுக்கும் நெரிசலுக்கும் மிக நீளம். 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், இதில் எது முந்துகிறதோ அப்போது மாற்றியவரின் கார்தான் நல்ல கார்.

8 கியர் கொண்ட இசட்.எஃப். ஆட்டோமேட்டிக் இந்தக் காரின் பெரிய பலம். அதன் ஆயிலை ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம் என்பது பி.எம்.டபிள்யூ.வின் வாதம்; கியர்பாக்ஸைச் செய்த இசட்.எஃப். நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கிறது. செய்தவன் பேச்சைக் கேட்பதே புத்திசாலித்தனம். ஃபில்டர், அடியில் ஆயில் தேங்கும் பிளாஸ்டிக் தட்டான ஆயில் பேனுக்குள்ளேயே இருப்பதால் பேனை முழுதாக மாற்ற வேண்டும். என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, கியர் ஆயில் 30-லிருந்து 50 டிகிரிக்குள் இருக்கும்போதுதான் அளவு பார்க்க வேண்டும். இதற்கு டிப்ஸ்டிக் கிடையாது. ஸ்கேனரில் வெப்பநிலை பார்க்காமல் ஆயில் ஊற்றும் ஒர்க்ஷாப்பில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். 92,000 ஓடியும் இதற்கான பில் இல்லை என்றால் அந்தச் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது சிக்னலுக்கு மெதுவாக நிற்கையில் இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கும் நேரத்தில் உதறுகிறதா என்று கவனியுங்கள். 80-ல் போய் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறதா? அப்படியானால் முன்சக்கரத்தைத் தாங்கும் ஆர்மின் ரப்பர் புஷ் தேய்ந்திருக்கலாம், அல்லது டிஸ்க் வளைந்திருக்கலாம். நம் ஊர் வேகத்தடைகளில் புஷ் போவது சகஜம். பேரம் பேசப் பயன்படுமே தவிர, காரை வேண்டாம் என்று சொல்ல அது காரணமில்லை.

12 லட்சத்துக்கு முடித்தால் இன்னொரு 2 லட்சத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். டயர், கியர் ஆயில், புஷ், பேட்டரி என்று முதல் வருடமே அது கரைந்துவிடும். அந்த 2 லட்சம் கையில் இல்லை என்றால் 12 லட்சம் காருக்கு நீங்கள் தயாரில்லை.

பெட்ரோல் பக்கம் திரும்பினால் 328ஐ-யில் வந்த என்20 என்ஜினில் எச்சரிக்கை தேவை. 2015 தொடக்கம் வரை வந்தவற்றில் செயின் கைடின் பிளாஸ்டிக் நொறுங்கி ஆயில் பேனில் விழும். மின்சார வாட்டர் பம்ப்பும் முன்னறிவிப்பில்லாமல் நிற்கும். அடுத்து வந்த பி48 என்ஜின் உள்ள 320ஐ அல்லது 330ஐ கிடைத்தால் உங்கள் 6 கி.மீ. ஓட்டத்துக்கு அதுதான் பொருத்தம்.

வெள்ளத்தில் மூழ்கிய கார் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? – வேளச்சேரி வாசகர்

2015 டிசம்பர், 2023 டிசம்பர் இரண்டையும் பார்த்த பகுதியிலிருந்து இந்தக் கேள்வி வருவது நியாயம்தான்.

முதலில் காகிதம். பழைய இன்சூரன்ஸ் பாலிசிகளை வருட வரிசையில் கேளுங்கள். அதில் நோ கிளெய்ம் போனஸ் எத்தனை சதவீதம் என்று இருக்கும். ஐந்து வருடம் கிளெய்மே இல்லாவிட்டால் 50 சதவீதம் வரை ஏறும். கிளெய்ம் வாங்கினால் பூஜ்யத்துக்கு இறங்கும். 2024-ல் புதுப்பித்த பாலிசியில் திடீரெனப் பூஜ்யம் இருந்தால், 2023 மழையில் என்ன நடந்தது என்று கேட்க வேண்டியதுதான். கிளெய்ம் எல்லாமே வெள்ளம் ஆகாது, பம்பர் உரசலாகக்கூட இருக்கலாம். ஆனால் கேள்விக்கு ரசீதோடு பதில் வர வேண்டும்.

அடுத்து கார். சீட் பெல்ட்டை முழுதாக வெளியே இழுங்கள். கடைசி ஒரு அடி எப்போதும் உள்ளேயே சுருண்டிருப்பதால் கழுவுகிறவர்கள் அதை மறந்துவிடுவார்கள். சேற்றுக்கோடு அங்கே தெரியும். முன்சீட்டின் தண்டவாளத்தில், அதை இறுக்கும் போல்ட்டுகளில் துரு இருக்கிறதா பாருங்கள். கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்பாஞ்சை விரலால் அழுத்துங்கள். மேலே காய்ந்திருந்தாலும் ஸ்பாஞ்ச் மாதக்கணக்கில் ஈரம் பிடித்திருக்கும். பி.எம்.டபிள்யூ.வில் பேட்டரி டிக்கியில் இருப்பதால், டிக்கித் தரையைத் தூக்கி அந்தப் பள்ளத்தையும் பாருங்கள்.

இந்தக் கார்களில் தண்ணீர் அதிக ஆபத்தாவதற்குக் காரணம், கதவு, லைட், சீட் எல்லாவற்றுக்கும் தனித்தனி கம்ப்யூட்டர் பெட்டிகள் இருப்பதும், அவற்றில் சில தரையோடு தரையாக இருப்பதும்தான். மூழ்கி எழுந்த கார் ஆறு மாதம் நன்றாக ஓடும். பிறகு கனெக்டருக்குள் பச்சை பூத்து, ஒரு நாள் கண்ணாடி இறங்காது, மறுநாள் ஏர்பேக் லைட் எரியும். இதைத் துரத்தித் துரத்திச் சரிசெய்து முடித்தவர் யாருமில்லை.

நீங்கள் வாங்கப்போகும் காருக்கும் இன்சூரன்ஸ் எடுக்கும்போது என்ஜின் புரொடெக்ட் கவர் சேருங்கள். தண்ணீர் புகுந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து கனெக்டிங் ராடு வளைந்தால் சாதாரண பாலிசியில் காசு தேறுவது கஷ்டம்.

டெல்லி நம்பர் கார் 3, 4 லட்சம் குறைவாகக் கிடைக்கிறதே? – திருச்சி வாசகர்

அங்கே 10 வருடம் தாண்டிய டீசலையும் 15 வருடம் தாண்டிய பெட்ரோலையும் ஓட்டத் தடை வந்ததால் கெடு நெருங்கும் கார்களை விலை குறைத்துத் தள்ளத் தொடங்கினார்கள்; 2025-ல் சுப்ரீம் கோர்ட் அதைக் கொஞ்சம் தளர்த்தியது. கார் மோசம் என்று அர்த்தமில்லை. கணக்குதான் பலருக்கு இடிக்கிறது.

என்.ஓ.சி. (அந்த ஊர் ஆர்.டி.ஓ. தரும் தடையில்லாச் சான்று) கைக்கு வந்த பிறகே முழுப் பணத்தையும் கொடுங்கள். அதற்கு படிவம் 28. பெயர் மாற்றத்துக்கு 29, 30. கடன் இருந்திருந்தால் வங்கியின் கையெழுத்தோடு 35. இங்கே புது நம்பர் வாங்க 27. என்.ஓ.சி.யில் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் பெயர் சரியாக இருக்க வேண்டும். நிலுவை அபராதங்கள் தீர்ந்தனவா என்று பரிவாகன் தளத்தில் நீங்களே நம்பர் போட்டுப் பாருங்கள்.

அப்புறம் ஆயுள் வரி. 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு 20 சதவீதம். வெளிமாநிலப் பழைய காருக்கு வயதைப் பொறுத்துக் குறையும். ஆனால் கணக்கு போடுவது நீங்கள் கொடுத்த விலைக்கு அல்ல, கார் புதிதாக இருந்தபோது இருந்த விலைக்கு. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மாடல், வருடம், பில் விலை மூன்றையும் காட்டி வரித்தொகையைக் கேட்டுவிடுங்கள். லாரிக் கூலி, புரோக்கர், அலைச்சல் எல்லாம் சேர்த்தால் அந்த 4 லட்சத்தில் மிச்சம் என்ன என்று தெரிந்துவிடும். பெரும்பாலான கார்களில் மிச்சம் சொற்பம்தான்.

புதுச்சேரி நம்பர் காருக்கும் இதே கதை. கார் நிரந்தரமாக இங்கே ஓடினால் 12 மாதத்துக்குள் இங்கே பதிவு செய்தாக வேண்டும்.

45,000 கி.மீ. என்று மீட்டர் காட்டுகிறது. நம்பலாமா? – மதுரை வாசகர்

மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். கி.மீ. கணக்கு மீட்டரில் மட்டும் இருப்பதில்லை. பி.எம்.டபிள்யூ.வில் என்ஜின், கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர்களிலும் பதிவுகள் இருக்கும். சாவியிலேயே சேசிஸ் நம்பரும் கி.மீ.யும் பதிந்திருக்கும். டீலர் சர்வீஸ் சென்டரில் சாவியைப் படிக்கச் சொல்லலாம். மீட்டரைத் திருத்துகிறவர் எல்லாப் பெட்டியையும் திருத்துவது அபூர்வம். எந்த பிராண்டாக இருந்தாலும் சேசிஸ் நம்பரைக் கொடுத்து சர்வீஸ் சரித்திரத்தை எடுக்கச் சொல்லுங்கள். 2019-ல் 61,000-க்கு சர்வீஸ் ஆன கார் இன்று 45,000 காட்டினால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

டிரைவர் சீட்டின் கதவோரத் தோல், பிரேக் பெடல் ரப்பர், ஸ்டியரிங்கின் மேல்பகுதி மூன்றும் 45,000-ல் பளபளவென்று வழுக்கக் கூடாது. ஸ்கேன் செய்யும்போது இன்னொன்றையும் பாருங்கள். ஃபால்ட் கோடு (பழுதைக் காட்டும் குறியீடு) எதுவுமே இல்லை, ஆனால் கார் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் ரெடினஸ் பரிசோதனைகள் பாதி முடியாமல் நிற்கின்றன என்றால், நீங்கள் வருவதற்குச் சற்று முன்தான் யாரோ கோடுகளை அழித்திருக்கிறார்கள்.

2013 ஆடி ஏ4 டீசல் ஒன்பது லட்சத்துக்கு வருகிறது. – சேலம் வாசகர்

முன்சக்கரங்கள் இழுக்கும் டீசலில் இருப்பது மல்டிட்ரானிக் என்ற சி.வி.டி. (தனித்தனி கியர் படிகள் இல்லாத ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ். 60,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயில் மாற்றியதற்கு பில் இருந்தால் மட்டும் யோசிக்கலாம். நெரிசலில் ஊர்ந்து போகும்போதும், ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுக்கும்போதும் உதறினால் விட்டுவிடுங்கள். பழுது பார்த்தால் காரின் விலையில் பெரும்பங்கு போய்விடும். அதே தலைமுறை 1.8 டி.எஃப்.எஸ்.ஐ. பெட்ரோல் ஆயில் குடிக்கும். பிஸ்டன் ரிங்தான் காரணம். 1,000 கி.மீ.க்கு அரை லிட்டர் வரை போகலாம் என்று கம்பெனியே சொல்வதால் ஷோரூமில் வாதாடிப் பயனில்லை. ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டு, பிறகு ஆக்சிலரேட்டரை மிதியுங்கள். பின்னால் நீலப்புகை வந்தால் முடிந்தது. ஆடிதான் வேண்டும் என்றால் 2016-ல் வந்த அடுத்த தலைமுறை ஏ4-க்குக் காத்திருங்கள்.

ஜாகுவார் எக்ஸ்.இ. மிக மலிவாக இருக்கிறது. – நாகர்கோவில் வாசகர்

ஓட்டுவதற்கு அருமையான கார். ஆனால் 2024-லேயே உற்பத்தி நின்றுவிட்டது. ஒரு பம்பருக்கோ லைட்டுக்கோ வாரக்கணக்கில் காத்திருக்க நேரிடலாம், சர்வீசுக்கும் உங்கள் ஊரிலிருந்து வெகுதூரம் போக வேண்டும். வீட்டில் இன்னொரு கார் இருந்தால் பார்க்கலாம்.

பி.எம்.டபிள்யூ. எம்340ஐ ஒன்று கிடைக்கிறது. ஸ்டேஜ் 1 (சாஃப்ட்வேரை மாற்றிச் சக்தி கூட்டும் டியூன்) செய்து, பிறகு பழையபடி ஸ்டாக்குக்கு, அதாவது கம்பெனி அமைப்புக்கே, மாற்றிவிட்டதாகச் சொல்கிறார். – சென்னை வாசகர்

உண்மையைச் சொல்லியிருக்கிறாரே, அதற்கே பாதி மதிப்பெண். 387 குதிரைசக்தி, 500 நியூட்டன் மீட்டர் இழுவை தரும் பி58 என்ஜின் திடமானது. ஸ்டேஜ் 1-ஐத் தாங்கும். கேட்க வேண்டியது வேறு. எத்தனை கி.மீ. டியூனில் ஓடியது? எந்த ஆக்டேன் பெட்ரோல்? டர்போவிலிருந்து புகை வெளியேறும் டவுன்பைப்பும் மாற்றப்பட்டதா, ஒரிஜினல் எங்கே? அதில் இருக்கும், புகையைச் சுத்தம் செய்யும் கேடலிடிக் கன்வர்ட்டர் இல்லாத கார் மாசுச் சான்றிதழில் சிக்கும். ஸ்டாக்குக்குத் திருப்பினாலும் டீலரின் கருவியில் தடயம் தெரிய வாய்ப்புண்டு. எனவே நீட்டித்த வாரண்டி மீதி இருக்கிறது என்று கூடுதல் விலை கேட்டால், அது செல்லுபடியாகும் என்று டீலரிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள்.

ரன்ஃப்ளாட் டயரை எடுத்துவிட்டு சாதா டயர் போடலாமா? – ஈரோடு வாசகர்

போடலாம். சொகுசு கூடும், ரிம் அடிபடுவதும் குறையும், டயர் விலையும் இறங்கும். ஆனால் பஞ்சரானால் காற்றில்லாமல் 80 கி.மீ. வரை மெதுவாக ஓட்டும் வசதி போய்விடும். ஸ்டெப்னி இல்லாத காரில் பஞ்சர் கிட்டும் காற்றுப் பம்ப்பும் டிக்கியில் இருந்தாக வேண்டும். நான்கையும் ஒரே சமயத்தில் மாற்றுங்கள், கலக்காதீர்கள். வாங்கப்போகும் காரில் ஏற்கெனவே இருக்கும் டயரின் வயதை, பக்கச்சுவரில் DOT என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு இலக்கத்தில் பார்க்கலாம்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். பட்டன் ஆழமாக இருந்தாலும் அது மாற்ற வேண்டிய டயர்தான்.