வரையாடும் கடற்பசுவும்: தகவல் பலகையில் என்ன எழுதுவது?

கேள்வி: பள்ளிக் கண்காட்சிக்காக வரையாடு, கடற்பசு ஆகியவற்றுக்குத் தகவல் பலகை தயாரிக்கிறேன். ஆடும் பசுவும் என்பதால் இரண்டையும் ஒரே குடும்பத்தில் காட்டலாமா? அழியும் ஆபத்தின் அளவைக் காட்டும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் (IUCN) செம்பட்டியலில் வரையாடு ‘அருகிய இனம்’ (Endangered), கடற்பசு அதைவிட ஒரு படி குறைந்த ‘அழிவாய்ப்பு இனம்’ (Vulnerable) என்றிருப்பதால், கடற்பசுவின் நிலை மேல் என்று எழுதலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். நம் வீட்டுப் பசுவுக்கு உறவு வரையாடுதான். இரண்டும் மாட்டுக் குடும்பமான போவிடேயைச் சேர்ந்தவை. முன்பு இமயமலைத் தார் என்ற காட்டாட்டுடன் ஹெமிட்ராகஸ் பேரினத்தில் வைக்கப்பட்டிருந்த வரையாடு, மரபணு ஆய்வில் செம்மறிக்கே நெருக்கமானது எனத் தெரிந்ததால், 2005இல் நீல்கிரிட்ராகஸ் என்ற தனிப் பேரினமாயிற்று. நம் மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் கடற்பசுவோ, நீரில் வாழும் தாவர உண்ணிப் பாலூட்டிகளான சைரீனியா வரிசையைச் சேர்ந்தது. கடற்புல் மேய்வதைத் தவிர பசுவோடு அதற்குப் பொருத்தம் ஏதுமில்லை, நிலத்தில் அதற்கு நெருங்கிய உறவு யானையே.

செம்பட்டியல் வகையைத் தேர்வு மதிப்பெண்போல ஒப்பிடுவதில்தான் பலரும் தவறுகிறார்கள். ஓர் இனம் எந்த அளவுகோலால் ஒரு வகைக்குள் வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் புல்வெளிகளில், தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மட்டுமே வாழும் வரையாடு, எண்ணிக்கை குறைவாக இருப்பதோடு சிறு சிறு கூட்டங்களாகத் துண்டுபட்டுக் கிடப்பதாலும் ‘அருகிய இனம்’ ஆனது. செங்கடல் முதல் பசிபிக்கின் வனுவாட்டு வரை பரவியுள்ள கடற்பசுவுக்கு, உலக அளவில் அதன் தொகை எவ்வளவு சரிந்திருக்கிறது என்பதே அளவுகோல். ஆஸ்திரேலியக் கடலில் அது இன்னும் நிறைய இருப்பதால் உலக மதிப்பீடு சற்று மிதமாகத் தெரிகிறது. அதே இனத்தின் கிழக்கு ஆப்பிரிக்கத் தொகை 2022இல் ‘மிக அருகியது’ என அறிவிக்கப்பட்டது. பாக் நீரிணையிலும் நிலைமை கவலைக்குரியதாக இருந்ததால்தான், அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது.

சட்டப் பாதுகாப்பைத் தனி வரியில் எழுதுங்கள். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் இரண்டுமே முதல் அட்டவணையில் உள்ளன. சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் இணைப்பில் கடற்பசு உண்டு, வரையாடு இல்லை. அது பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பட்டியல் என்பதால், அதில் பெயர் இல்லாததை வைத்து வரையாட்டுக்கு ஆபத்து குறைவு என்று கொள்ளக் கூடாது. செம்பட்டியல் வகைக்குப் பக்கத்தில் ‘உலக அளவில்’ என்ற சொல்லையும் மதிப்பீட்டு ஆண்டையும் சேர்த்துவிடுங்கள்.