ஸ்வீனி டாட் படத்தில் இவ்வளவு ரத்தம் எதற்கு? மேடையிலும் இப்படித்தானா?

படத்தை நேற்றிரவு பாதியில் நிறுத்திவிட்டேன், இதைப் போய் ஏன் கொண்டாடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். வாடிக்கையாளர்களின் கழுத்தை அறுக்கும் சவரக்காரன் ஸ்வீனி டாட்டின் கதை அது, ஒரு இசை நாடகத்திலிருந்து எடுத்த படம். பாதியில் நிறுத்தியதற்கு வருத்தப்படாதீர்கள். படம் வெளிவந்த புதிதிலேயே பலர் எழுந்து போனார்கள். நான் பார்த்த காட்சியிலும் போனார்கள்.

2008 ஜனவரிக் கடைசி. படிப்பதற்காக லண்டனில் இருந்தேன். என் அறைத்தோழன் மதுரைக்காரன். அவனும் நானும், எங்கள் வகுப்பில் படித்த ஒரு ஆங்கிலேயப் பெண்ணும் சேர்ந்து போனோம். அவளுக்கு அந்த இசை நாடகத்துக்காக ஸ்டீபன் சோந்தைம் எழுதிய மூலப் பாடல்கள் அத்தனையும் மனப்பாடம். எங்கள் இருவருக்கும் டிம் பர்ட்டன் இயக்கம், ஜானி டெப் நடிப்பு என்பதைத் தவிர ஒன்றும் தெரியாது. டிரெய்லரில் பாட்டு இருக்கும் சுவடே தெரியாதபடி வெட்டியிருந்தார்கள். கடற்கொள்ளையனாக ஜானி டெப்பைப் பார்த்துச் சிரித்த கூட்டம் இன்னொரு சாகசப் படம் என்று நம்பி வந்திருந்தது.

படம் தொடங்கியதும் கப்பல் ஒன்று லண்டனுக்குள் வருகிறது. ஒரு இளம் மாலுமி பாடுகிறான். சரி, ஒரு பாட்டு போலிருக்கிறது என்று எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள். அவனுக்கு டாட் பாட்டாகவே பதில் சொன்னதும் முன்வரிசைகளில் முணுமுணுப்பு. மாவுக்குள் கறி அடைத்த 'மீட் பை' விற்கும் கடைக்காரி லவெட் அம்மாவும் பாடத் தொடங்கியபோது ஒரு ஜோடி கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டது. அதுவரை ஒரு கழுத்துகூட அறுபடவில்லை! பாட்டை மறைத்து விளம்பரம் செய்து ஏமாற்றிவிட்டார்கள் என்று பிரிட்டனில் விளம்பரங்களைக் கண்காணிக்கும் அமைப்புவரை புகார் போனது. ஆக, முதலில் வெளியேறியவர்களை விரட்டியது ரத்தம் இல்லை, பாட்டு.

என் நண்பனுக்கு அந்தச் சிக்கல் இல்லை. பாட்டில்லாத படத்தை அவன் பார்த்ததே குறைவு. ஆனால் நாம் பார்த்து வளர்ந்த படங்களில் பெரும்பாலும் பாட்டு வந்தால் சண்டை நிற்கும், பாட்டு முடிந்த பிறகுதான் அரிவாள் வெளியே வரும். இந்தப் படத்தில் பாட்டும் கத்தியும் ஒன்றாக வருகின்றன. அவனைக் கலங்கடித்தது அதுதான். உங்களையும் நிறுத்த வைத்தது அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

'ஜொஹானா' பாடல் திரும்ப வரும் இடத்தைச் சொல்கிறேன். பதினைந்து வருடம் ஆஸ்திரேலியாவில் கைதியாகக் கிடந்து திரும்பியவன் டாட். மனைவி விஷம் குடித்தாள் என்று கேள்விப்படுகிறான். மகள் ஜொஹானா, தன்னை நாடு கடத்திய அதே நீதிபதியின் வீட்டில் வளர்கிறாள். அவள் முகம் எப்படியிருக்கும், அம்மா சாயலா என்று மெல்லிய குரலில் பாடிக்கொண்டே வாடிக்கையாளருக்குச் சோப்பு நுரை தடவுகிறான். பாட்டு தாலாட்டு மாதிரி போகிறது. அந்த மெட்டு மாறாமலே கத்தி கழுத்தில் இழுக்கப்படுகிறது. நாற்காலி பின்னால் சாய்கிறது, உடல் தலைகீழாகப் போய் நிலவறைக் கல்தரையில் விழுகிறது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அடுத்த ஆள் வருகிறார். பாட்டு நிற்கவே இல்லை. ஒருவர் மட்டும் மனைவியோடும் சின்ன மகளோடும் வருகிறார். அவரைக் கொல்லாமல் சவரம் மட்டும் செய்து அனுப்புகிறான். நண்பன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. கொல்கிறவன் கோபத்தில் இல்லை, மகளின் நினைவில் இருக்கிறான். இவ்வளவு ரத்தம் எதற்கு என்று கேட்டீர்களே, அதற்கு என் பதில் இந்தக் காட்சிதான். ரத்தத்தைக் குறைத்திருந்தால் நாம் பாட்டை மட்டும் ரசித்துவிட்டு, அவன் என்ன செய்கிறான் என்பதை மறந்திருப்போம்.

நிறத்தையும் கவனித்திருப்பீர்கள். படம் முழுக்கச் சாம்பலும் கறுப்பும்தான், முகங்கள்கூட வெளிறிப்போனவை. ரத்தம் மட்டும் பெயிண்ட் மாதிரி பளீரென்று பீறிடுகிறது. நிஜ ரத்தம் அப்படி இருக்காது. வேண்டுமென்றே பழைய திகில் நாடகத்தின் மிகையைக் கொண்டுவந்திருக்கிறார்கள். இருந்தாலும் அமெரிக்காவில் 17 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெரியவர்களோடுதான் பார்க்கலாம் என்கிற 'ஆர்', பிரிட்டனில் 18 வயதுக்கு மேல் என்றுதான் சான்றிதழ் கிடைத்தது. இருட்டும் அழுக்குமான அந்த லண்டனை உருவாக்கிய கலை இயக்கத்துக்கு ஆஸ்கர் விருது கிடைத்தது.

அப்புறம், மேடை. டாட் கதையே 1846-47ல் லண்டனில் மலிவு விலைத் தொடராக வந்தது. அதில் அவன் வெறும் பேராசைக் கொலைகாரன். அவனுக்கு ஒரு பழிவாங்கும் காரணத்தைக் கொடுத்தது கிறிஸ்டோபர் பாண்ட் எழுதிய நாடகம். அதைப் பார்த்துவிட்டுத்தான் சோந்தைம் இசை நாடகமாக்கினார். 1979 மார்ச்சில் நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் அரங்கேறி 557 காட்சிகள் ஓடியது, பிராட்வே நாடகங்களுக்குத் தரும் டோனி விருதுகள் 8 வாங்கியது. அதை இயக்கிய ஹெரால்ட் பிரின்ஸ் மேடையையே ஒரு பெரிய இரும்புப் பட்டறை போல அமைத்தார். ஒவ்வொரு கழுத்து அறுபடும்போதும் ஆலைச் சங்கு காதைக் கிழிக்கும். 2005ல் இயக்குநர் ஜான் டாயில் பிராட்வேக்குக் கொண்டுவந்த தயாரிப்பில், கொலை நடக்கும்போதெல்லாம் ஒரு வாளியிலிருந்து இன்னொரு வாளிக்கு ரத்தத்தை ஊற்றினார்கள். அவ்வளவுதான், ஆனால் அதுவும் உறைக்கும் என்கிறார்கள் பார்த்தவர்கள். எனவே மேடையிலும் ரத்தம் உண்டு. ஆனால் மேடையில் கழுத்துக்கும் நமக்கும் நடுவே தூரம் இருக்கிறது. கேமரா அந்தத் தூரத்தை எடுத்துவிட்டது.

எங்களோடு வந்த பெண்ணின் வருத்தம் முற்றிலும் வேறு. அவளுக்கு ரத்தம் பொருட்டே இல்லை. "கோரஸ் எங்கே?" என்று வெளியே வந்ததும் கேட்டாள், கண் கலங்கியிருந்தது. நாடகத்தில் ஒரு கூட்டம் நின்று டாட்டின் கதையை நம்மிடம் பாடும். படத்தில் அதன் இசை மட்டும் தொடக்கத்தில் ஒலிக்கிறது, பாடுகிறவர்கள் இல்லை. லவெட் அம்மாவாக நடித்த ஹெலனா போனம் கார்ட்டரின் குரல் சன்னமாக இருக்கிறது, லவெட் அம்மாவின் சிரிப்பெல்லாம் போய்விட்டது என்றும் சொன்னாள். பாதி ஒத்துக்கொள்கிறேன். மோசமான மீட் பை பற்றிய அந்தப் பாட்டுக்குக் கடைத்தெருவில் கூவுகிற குரல் வேண்டும். ஆனால் லவெட் அம்மாவிடம் அண்டியிருக்கும் சிறுவன் டோபி அவளிடம் 'உங்களை யாரும் தொட விடமாட்டேன்' என்கிற பொருளில் பாடும்போது, அவனையே தீர்த்துக்கட்ட வேண்டியிருக்கும் என்று அவளுக்குப் புரிகிறதே, அந்த முகத்துக்குச் சன்னக் குரல்தான் பொருத்தம். மேடையில் டோபியாக வளர்ந்த நடிகர்கள் நடிப்பார்கள். படத்தில் நிஜமாகவே ஒரு சிறுவன். அதனால் இன்னும் வலிக்கிறது.

அந்தப் பெண் சொன்னது எனக்கு 2012ல்தான் முழுசாகப் புரிந்தது. லண்டன் அடெல்பி அரங்கில் மைக்கேல் பால் டாட்டாகவும் இமெல்டா ஸ்டாண்டன் லவெட்டாகவும் நடித்த தயாரிப்பைப் பார்த்தேன். பிணங்களைக் கறியாக்கலாம் என்று இருவரும் முடிவெடுக்கும் பாட்டில், பாதிரியார் எப்படியிருப்பார், வக்கீல் எப்படியிருப்பார் என்று சிலேடையாக அடுக்குவார்கள். அரங்கமே குலுங்கிச் சிரித்தது, நானும் சிரித்தேன். படத்தில் அதே பாட்டுக்கு யாரும் அப்படிச் சிரிக்கவில்லை. முடிவும் வேறு. மேடையில் செத்தவர்கள் எல்லோரும் எழுந்து வந்து கடைசிப் பாட்டைப் பாடுகிறார்கள். படத்தில் யாரும் எழுந்து வருவதில்லை. சாகாமல் இருந்த மனைவியை அடையாளம் தெரியாமல் தானே கொன்றுவிட்டு, அவளை மடியில் வைத்தபடி டாட் குனிந்திருக்கிறான், அவன் கழுத்திலிருந்து ரத்தம் வழிகிறது, அதோடு திரை இருளுகிறது. அன்று எங்கள் அரங்கில் ஒருவரும் கொஞ்ச நேரம் நகரவில்லை.

எனக்கு இரண்டும் வேண்டும். நாடகம் எல்லோரோடும் உட்கார்ந்து பார்ப்பது. படம் நம்மை டாட்டின் அறையில் தனியாக உட்காரவைக்கிறது. மிச்சத்தைப் பார்க்க மனம் வந்தால், முதலில் பிராட்வே அரங்கேற்றத்தில் டாட்டாகவும் லவெட்டாகவும் நடித்த லென் கரியூவும் ஆஞ்சலா லான்ஸ்பரியும் பாடிய 1979 இசைத்தட்டை ஒருமுறை கேளுங்கள். பாட்டு பழகிவிட்டால் படம் இத்தனை தூரம் அதிர்ச்சி தராது. ஜொஹானா பாட்டு வரும்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் சரிதான். என் நண்பன் அதன்பிறகு நாலு முறை இந்தப் படத்தைப் பார்த்துவிட்டான், இன்றும் அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்கிறான்.