அழைப்புக் குறியீட்டுக்கு 480 வெள்ளி கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

செங்காங் வாசகி ஒருவரின் கேள்வி: வீட்டிலிருந்தே மணப்பெண் அலங்காரத் தொழில் செய்கிறேன். வசதியானவர்கள் மட்டும் புழங்கும் ஒரு சமூக வலைத்தளத்தில் அழைப்பு இருந்தால்தான் சேர முடியுமாம். சேர்த்துவிடுகிறேன் என்று டெலிகிராமில் ஒருவர் 480 வெள்ளி கேட்டார். 200 வெள்ளியைப் பேநவ் மூலம் அனுப்பிவிட்டேன். இப்போது அடையாள அட்டையின் இரு பக்கப் படமும், ‘சரிபார்ப்புக்கு’ என்று, அரசுச் சேவைகளில் நுழைய உதவும் சிங்பாஸ் கடவுச்சொல்லும் கேட்கிறார். மீதியைக் கொடுத்தால் வேலை முடியுமா?

முடியாது. மீதி 280 வெள்ளியை அனுப்பாதீர்கள். சிங்பாஸ் விவரத்தை எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து இயங்கும் ஒரு சமூகத் தளத்துக்கு உங்கள் சிங்பாஸ் கடவுச்சொல்லால் ஆகப்போவது ஒன்றும் இல்லை. அதைக் கேட்ட அந்த நொடியே இவர் எதற்கு வந்திருக்கிறார் என்பது தெரிந்துவிட்டது.

அழைப்பு எப்படி வருகிறது என்பதை மட்டும் புரிந்துகொண்டால் போதும். சில தளங்களில் ஏற்கெனவே இருக்கும் உறுப்பினருக்கு இத்தனை அழைப்பு என்று ஓர் அளவு உண்டு. அவர் தம் கணக்கிலிருந்தே உங்கள் மின்னஞ்சலுக்கோ கைப்பேசி எண்ணுக்கோ அனுப்புவார். வேறு சில தளங்களில் நீங்களே விண்ணப்பித்து, உள்ளே இருக்கும் ஒருவரின் பரிந்துரையைக் காட்ட வேண்டும், ஒரு குழு பார்த்து முடிவு செய்யும். ராயா என்ற செயலி இப்படித்தான். இன்னும் சிலவற்றில் காத்திருப்புப் பட்டியலில் பெயர் கொடுத்தால் நிறுவனமே கூப்பிடும். இந்த மூன்று வழியில் எதிலுமே தரகருக்கு வேலை இல்லை.

விற்கப்படும் குறியீடு ஏன் பழுதாகிறது? பெரும்பாலும் அது ஒரே ஒரு தடவைதான் செல்லும். விற்பவர் அதையே பத்துப் பேருக்கு விற்கிறார், முதலில் போட்டவர் உள்ளே போய்விடுவார், மற்றவர்களுக்கு ‘செல்லாத குறியீடு’ என்று வரும். கேட்டால், “நீங்கள்தான் தாமதம் செய்துவிட்டீர்கள்” என்பார். ‘24 மணி நேரம்தான் செல்லும்’ என்று அவசரப்படுத்துவதும் இந்தப் பதிலுக்கு முன்கூட்டியே இடம் வைத்துக்கொள்ளத்தான்.

அதைவிட மோசம், ‘ரெடிமேட் கணக்கு’. அவருடைய மின்னஞ்சலில் திறந்த கணக்கை உங்களுக்கு விற்பார். நீங்கள் கடவுச்சொல்லை மாற்றினாலும், மீட்பு மின்னஞ்சல் அவர் கையில் இருக்கும்வரை எந்த நாளிலும் கணக்கைத் திரும்ப எடுத்துக்கொள்வார். அதற்குள் அதில் உங்கள் படங்கள், வாடிக்கையாளர் உரையாடல் எல்லாம் சேர்ந்திருக்கும். அழைத்தவர் யார் என்பதையும் பல தளங்கள் பதிந்துவைக்கின்றன. விற்றவர் பிடிபட்டால் அவர் அழைத்தவர்களின் கணக்குகளும் சேர்ந்தே மூடப்படலாம்.

எந்தக் குறியீடு எந்தக் கணக்கிலிருந்து வெளிவந்தது என்பது அந்தத் தளங்களுக்குத் தெரியும். ஆனாலும் ‘மறுவிற்பனை கூடாது’ என்று விதிமுறையில் ஒரு வரி எழுதிவிட்டுக் கைகழுவிவிடுகிறார்கள். கதவை இறுக்கிச் சாத்தி ஆசையைத் தூண்டுவது அவர்கள், ஏமாந்து நிற்பது நம் ஆட்கள்.

ஆனால் ஒன்றைக் கவனமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பணம் கேட்டாலே மோசடி என்று பலர் சொல்கிறார்கள், அது சரியில்லை. 2004ல் அழைப்பு முறையில் தொடங்கிய ஏஸ்மால்வோர்ல்டு என்ற சமூகத் தளம் இன்று கட்டணச் சந்தா வாங்குகிறது. ராயாவிலும் சேர்த்துக்கொள்ளப்பட்ட பிறகு மாதக் கட்டணம் உண்டு. அந்தப் பணம் நிறுவனத்தின் பெயருக்கு, அதன் சொந்தத் தளத்திலோ ஆப்பிள், கூகல் கடைகள் வழியாகவோ போகிறது. ரசீது வரும், சந்தாவை நீங்களே நிறுத்தலாம், கடன் அட்டையில் கட்டியிருந்தால் வங்கியில் ஆட்சேபம் எழுப்பலாம். பேநவில் ஒரு தனியாளின் பெயர் திரையில் வந்தால் அது உறுப்பினர் கட்டணமே இல்லை. கட்டணமா இல்லையா என்று குழம்பாதீர்கள், யார் பெயருக்குப் போகிறது என்று பாருங்கள். ‘நிறுவனத்தின் சிங்கப்பூர் பிரதிநிதி’ என்று சொன்னால் நிறுவனப் பதிவு எண்ணான யுஇஎன்னைக் கேட்டு, நிறுவனங்களைப் பதியும் அரசு அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் தேடுங்கள், தேடுவது இலவசம்.

செயலியை அவர் அனுப்பும் இணைப்பிலிருந்து நிறுவச் சொன்னாலும் நிறுவாதீர்கள். ஆண்ட்ராய்டில், தீங்கான செயலிகளைத் தடுக்கும் கூகல் பாதுகாப்பான ‘பிளே புரொடெக்டை அணைத்துவிட்டு நிறுவுங்கள்’ என்பார்கள். அது உங்கள் குறுஞ்செய்திகளைப் படிக்கும் செயலியாக இருக்கும், வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் அதன் வழியே போய்விடும். ‘ஐந்து பேரைச் சேர்த்தால் கட்டியது திரும்பக் கிடைக்கும்’ என்றால் அது பிரமிட் விற்பனையாகிவிடும். இங்கே அதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது, அதில் பங்கெடுப்பவரும் மாட்டிக்கொள்வார்.

இனி உங்கள் 200 வெள்ளி. முதலில் வங்கியின் 24 மணி நேர மோசடி எண்ணுக்கு அழைத்துப் பரிவர்த்தனை எண்ணைச் சொல்லுங்கள். அடுத்து காவல்துறையில் புகார், இணையத்திலேயே செய்யலாம். ஐயம் இருந்தால் 1799 ஸ்கேம்‌ஷீல்டு எண்ணில் கேட்கலாம். சிங்பாஸ் விவரம் ஏற்கெனவே கைமாறியிருந்தால் கடவுச்சொல்லை உடனே மாற்றி, சிங்பாஸ் உதவி எண் 6335 3533க்கு அழையுங்கள், சிங்பாஸ் செயலியில் பரிவர்த்தனை வரலாற்றையும் பாருங்கள்.

சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலான வழக்கை இரண்டு ஆண்டுக்குள் எடுத்துக்கொள்ளும் என்று யாராவது உங்களுக்குச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் எதிராளியின் பெயரும் முகவரியும் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். கணக்கு யாருடையது என்பது வங்கிக்குத் தெரியும், உங்களிடம் சொல்லாது. பறிகொடுத்தவரே துப்பறிந்து வர வேண்டும் என்பது என்ன ஏற்பாடோ! பணம் திரும்பும் என்று எண்ணி நாள்கணக்கில் அலைய வேண்டாம். புகாரை மட்டும் பதியுங்கள், அந்தக் கணக்கு வழியாக அடுத்தவர் ஏமாறாமல் தடுக்க அது உதவும்.

அழைப்பு கிடைக்கவில்லையே என்ற கவலையும் தேவையில்லை. குரல்வழி அரட்டைச் செயலியான கிளப்ஹவுஸின் அழைப்பை 2021 தொடக்கத்தில் காசுக்கு வாங்கினார்கள், அதே ஜூலையில் அது எல்லாருக்கும் திறந்துவிட்டது. புளூஸ்கை என்ற சமூகத் தளமும் 2024 பிப்ரவரியில் அழைப்பு முறையைக் கைவிட்டது. உங்கள் தொழிலுக்கு வாடிக்கையாளர்தான் வேண்டும் என்றால், நீங்கள் அலங்காரம் செய்த மணப்பெண்களில் யாராவது அந்தத் தளத்தில் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். தெரிந்தவர் தம் கணக்கிலிருந்து அனுப்பும் அழைப்பு ஒன்றே நம்பத்தக்கது.

அந்த ஆளைத் தடை செய்வதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. டெலிகிராமில் ஒருவர் உரையாடலை இரு பக்கமும் சேர்த்தே அழித்துவிடலாம், பயனர் பெயரையும் மாற்றிக்கொள்ளலாம். ஆகவே அவருடைய பயனர் பெயர் தெரியும் பக்கம், பணம் கேட்ட செய்திகள், பேநவ் ரசீது மூன்றையும் இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவையுங்கள். பிறகு, “உங்கள் 200 வெள்ளியை மீட்டுத் தருகிறேன், 50 வெள்ளி முன்பணம்” என்று யாராவது வந்தால் பதில் எழுதாதீர்கள். ஏமாந்தவர்களின் பட்டியல் கைமாறும், பல நேரம் வருவது அதே கூட்டம்தான்.