சாமி மக்கள்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கார்த்திக்: அக்கா, சாமி மக்கள்னா பனியில ரெயின்டீர் மேய்க்கிறவங்கதானே? இன்னும் கூடாரத்துலதான் இருக்காங்களா?

டூரிஸ்ட் போஸ்டரில் மட்டும்தான் அப்படி, தம்பி! சாமி என்பது வட ஐரோப்பாவின் பூர்வகுடி மக்களின் பெயர். நார்வே, சுவீடன், பின்லாந்து, ரஷ்யாவின் கோலா தீபகற்பம் எல்லாம் சேர்த்து 80,000 முதல் 1 லட்சம் பேர் இருக்கலாம் என்பது பொதுவான கணக்கு. ரெயின்டீர் என்ற பனிமானை மேய்ப்பது அதில் சிறு பகுதியினர்தான். மற்றவர்கள் ஆசிரியர், நர்ஸ், மீனவர், வக்கீல். மேய்ப்பவர்களும் 1960களிலிருந்தே ஸ்னோமொபைல் ஓட்டுகிறார்கள்.

ரேவதி: எல்லா மானும் கலந்து மேய்ந்தால், யாருடையது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

காதைப் பார்த்துத்தான். ஒவ்வொரு உரிமையாளருக்கும் பதிவு செய்த வெட்டுக்குறி உண்டு. கோடையில் மந்தையைப் பட்டியில் அடைப்பார்கள். எந்தக் குட்டி எந்தத் தாய் பின்னால் ஓடுகிறது என்று பொறுமையாகக் கவனித்து, சுருக்குக் கயிறு வீசிப் பிடித்து, தாயின் காதில் உள்ள அதே குறியைக் குட்டியின் இரண்டு காதிலும் சிறு கத்தியால் வெட்டுவார்கள். வெட்டிய காதுத் துண்டைச் சேர்த்து வைத்துக் குட்டிகளை எண்ணுவதும் உண்டு. ஒன்று மட்டும்: "உங்களிடம் எத்தனை மான்?" என்று கேட்டுவிடாதீர்கள். பேங்க் பேலன்ஸைக் கேட்ட மாதிரி முகம் சுளிப்பார்கள்.

முருகேசன்: மேடம், இவர்கள் எப்படி நான்கு நாடுகளுக்குப் பிரிந்து போனார்கள்?

அவர்கள் எங்கும் போகவில்லை ஐயா, எல்லைக்கோடுதான் அவர்கள் நடுவே வந்தது. 1751இல், அப்போது ஒரே அரசாக இருந்த டென்மார்க்-நார்வேயும் சுவீடனும் எல்லை போட்டபோது, மந்தையோடு இருபுறமும் போய்வர சாமிகளுக்கு உரிமை உண்டு என்று உடன்படிக்கையில் தனி இணைப்பே சேர்த்தார்கள். ஆனால் 1852இல் ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்த பின்லாந்துக்கும் நார்வேக்கும் நடுவே மந்தைப் பாதை மூடப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் வட நார்வேயின் கௌடொகெய்னோவில் சாமிகளின் கலகம். வணிகர் ஒருவரும் காவல் அதிகாரி ஒருவரும் கொல்லப்பட்டார்கள். அதற்கு மத ஆவேசம், சாராய வியாபாரத்தின் மீதிருந்த வெறுப்பு எனப் பல காரணங்கள் சொல்கிறார்கள். 1854இல் கலகத்தின் தலைவர்களான மோன்ஸ் சொம்பி, அஸ்லாக் ஹெட்டா இருவரின் தலையும் துண்டிக்கப்பட்டது. மண்டை ஓடுகளை ஆராய்ச்சிக்கு என்று தலைநகருக்கு அனுப்பினார்கள். குடும்பத்தார் அவற்றை அடக்கம் செய்ய 1997 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நூர்ஜஹான்: பள்ளியில் அவர்கள் மொழியையும் தடுத்தார்களாமே?

ஆமாம். நார்வேயின் உண்டு உறைவிடப் பள்ளிகளில் குழந்தைகளை நார்வேஜிய மொழிக்கு மாற்றுவதே அரசுக் கொள்கையாக இருந்தது. 1902இல் வந்த சட்டம் அதற்கும் மேலே போனது: நார்வேயின் வடகோடி மாவட்டமான ஃபின்மார்க்கில் அரசு நிலம் வாங்க நார்வேஜியம் பேசவும் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும்!

அருண்: தனிப் பார்லிமென்ட் இருக்காமே அக்கா, அதிகாரம் இருக்கா?

குறைவுதான். நார்வேயில் ஆல்டா ஆற்றில் அணை கட்டுவதை எதிர்த்து 1979இல் ஆஸ்லோ நாடாளுமன்றத்தின் முன் உண்ணாவிரதம் இருந்தார்கள். அணையைத் தடுக்க முடியவில்லை, ஆனால் அந்தச் சூட்டில் பிறந்ததுதான் 1989இல் திறந்த சாமி பார்லிமென்ட். மொழி, பண்பாடு விஷயங்களில் அதன் கை ஓங்கும். சுரங்கம், காற்றாலை என்று வந்தால் கருத்துக் கேட்பார்கள். முடிவெடுப்பது வேறு இடம்.

தினேஷ்: காற்றாலை நல்லதுதானே, அதை ஏன் எதிர்க்கிறார்கள்?

எதிர்ப்பு காற்றாலைக்கு இல்லை, வைக்கும் இடத்துக்கு. மத்திய நார்வேயின் ஃபோசனில் நட்டது குளிர்கால மேய்ச்சல் நிலத்தில். சுழலும் இறக்கை இருக்கும் பக்கம் மான் ஒதுங்கிவிடும். 2021 அக்டோபரில் நார்வே உச்ச நீதிமன்றம், அந்தக் காற்றாலைகளுக்குத் தந்த அனுமதி சாமிகளின் பண்பாட்டு உரிமையை மீறுகிறது, செல்லாது என்றது. இறக்கை நின்றதா? இல்லை. 2023 பிப்ரவரியில் சாமி இளைஞர்கள் எரிசக்தி அமைச்சக வளாகத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். பிறகு இழப்பீடு, மாற்று மேய்ச்சல் நிலம் என்று உடன்பாடு ஆனது. காற்றாலைகள் அங்கேயே இருக்கின்றன. தீர்ப்பு வந்தபின் பேரம் பேசுவது என்ன நியாயமோ!

ரேவதி: அவ்வளவு பனியில் மான் எதைத் தின்னும்?

லைக்கன். நாம் பிரியாணிக்குப் போடும் கற்பாசியும் அந்த இனம்தான். பனியைக் குளம்பால் தோண்டித் தின்னும். இப்போது நடுக்குளிரில் மழை பெய்து, அது உறைந்து கெட்டி ஓடாகிவிடுகிறது, தோண்ட முடியாது. தீவனத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

கார்த்திக்: நேரில் பார்க்க எப்போ போகலாம் அக்கா?

பிப்ரவரி. 6ஆம் தேதி சாமி தேசிய நாள். 1917இல் சாமி உரிமைப் போராளி எல்சா லாவுலா முன்னின்று நார்வேயின் டிரொண்ட்ஹெய்மில் கூட்டிய முதல் சாமி மாநாட்டின் நினைவு அது. அதையொட்டி சுவீடனின் யொக்மொக்கில் குளிர்காலச் சந்தையும் நடக்கும். ஜோய்க் என்ற சாமிகளின் பாரம்பரியப் பாட்டு கேட்கலாம், கைவினைக் கத்தி வாங்கலாம். மைனஸ் 30 வரை இறங்கும், கம்பளி உள்ளாடையை மறக்காதே. ரூம் மட்டும் பல மாதம் முன்னாடியே போட்டுவிடு.