கன்சோலும் கணினியும் ஒரே களத்தில்: கிராஸ்பிளே கேள்வி பதில்

கன்சோலில் (பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் போன்ற விளையாட்டுக் கருவியில்) விளையாடுபவரும் கணினியில் விளையாடுபவரும் ஒரே ஆட்டத்தில் எதிரெதிராகவோ ஓரணியாகவோ சேர்வதைத்தான் கிராஸ்பிளே என்கிறோம். பல ஆண்டுகளாக இரண்டிலும் விளையாடி, நண்பர்களுக்கு இதில் வரும் சிக்கல்களைத் தீர்த்து வருபவன் என்ற முறையில், வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (திருச்சி): ஐயா, விளையாட்டு ஒன்றுதான், இணையமும் ஒன்றுதான். அப்படியிருக்க, பிளேஸ்டேஷன் வைத்திருப்பவர் மற்றவர்களோடு சேர இத்தனை ஆண்டுகள் ஏன் பிடித்தன? தொழில்நுட்பம் வளரவில்லையா?

பதில்: தொழில்நுட்பம் எப்போதோ வளர்ந்துவிட்டது. 2000ஆம் ஆண்டிலேயே டிரீம்காஸ்ட் கன்சோலில் குவேக் 3 விளையாடியவர்கள் கணினிக்காரர்களோடு மோதினார்கள். 2002இல் வெளிவந்த ஃபைனல் ஃபேன்டசி 11 பிளேஸ்டேஷன் 2, கணினி இரண்டையும் ஒரே சர்வரில் சேர்த்தது. 2006இல் எக்ஸ்பாக்ஸ் 360உம் அதே உலகத்திற்குள் வந்தது. 2015இல் ராக்கெட் லீக் வெளியான நாளிலேயே பிளேஸ்டேஷன் 4உம் கணினியும் சேர்ந்து விளையாடின. ஃபைனல் ஃபேன்டசி 11 போன்ற விதிவிலக்கைத் தவிர, சோனியின் கன்சோலும் (பிளேஸ்டேஷன்) மைக்ரோசாஃப்டின் கன்சோலும் (எக்ஸ்பாக்ஸ்) நேருக்கு நேர் சேர்வதற்குத்தான் அனுமதி இல்லாமல் இருந்தது.

அது அனுமதிப் பிரச்சினைதான் என்பதற்கு 2017 செப்டம்பரில் நடந்ததே சாட்சி. ஃபோர்ட்நைட்டில் ஏதோ ஓர் அமைப்பு தவறுதலாக மாறிவிட, சில மணி நேரம் பிளேஸ்டேஷன்காரர்களும் எக்ஸ்பாக்ஸ்காரர்களும் ஒரே ஆட்டத்தில் விளையாடினார்கள். எதுவும் பழுதாகவில்லை, தவறு தெரிந்ததும் கதவை மூடிவிட்டார்கள். அதே ஆண்டு ஜூனில் மைன்கிராஃப்ட் பற்றிக் கேட்டபோது, சோனியின் நிர்வாகி ஜிம் ரயன் சிறுவர்களின் பாதுகாப்பைக் காரணமாகச் சொல்லியிருந்தார். 2018 ஜூனில் நிலைமை இன்னும் மோசமானது. பிளேஸ்டேஷனோடு இணைத்த ஃபோர்ட்நைட் கணக்கை நின்டெண்டோ ஸ்விட்சில் திறக்கவே முடியாது என்று தெரிந்ததும் விளையாடுபவர்கள் கொதித்தெழுந்தார்கள். 2018 செப்டம்பர் 26 அன்று சோனி இறங்கி வந்தது.

உண்மையான காரணம் 2021இல் ஃபோர்ட்நைட்டை உருவாக்கிய எபிக், ஆப்பிள் நிறுவனங்களுக்கு இடையே நடந்த வழக்கில் வெளியான ஆவணங்களில்தான் தெரிந்தது. கடையை நடத்தும் நிறுவனத்தின் வழக்கமான பங்கு 30 விழுக்காடு. விளையாட்டுக்குள் உங்கள் பாத்திரம் அணியும் ஓர் ஆடையை 1,000 ரூபாய்க்குப் பிளேஸ்டேஷனில் வாங்கினால் அதில் சுமார் 300 ரூபாய் சோனிக்குப் போகும். அதே ஆடையைக் கணினியில் வாங்கி, மாலை முழுவதும் பிளேஸ்டேஷனில் அணிந்து விளையாடினால் சோனிக்கு ஒரு காசும் போகாது. எனவே, ஆட்டம் பிளேஸ்டேஷனிலும் செலவு வேறிடத்திலும் ஓர் அளவுக்கு மேல் நடந்தால், விளையாட்டு நிறுவனம் அந்த இழப்பை ஈடுகட்ட வேண்டும் என்று சோனி நிபந்தனை விதித்திருந்தது. இந்தக் கணக்கு தெரியாமல் கிராஸ்பிளேயின் வரலாற்றைப் புரிந்துகொள்ள முடியாது.

கேள்வி (சேலம்): ஜிடிஏ ஆன்லைனில் என் பிளேஸ்டேஷன் 5இலிருந்து நண்பனின் கணினியோடு சேர முடியுமா?

பதில்: முடியாது. பிளேஸ்டேஷன் 4 வைத்திருப்பவரோடுகூட உங்களால் சேர முடியாது.

கேள்வி (ஈரோடு): என்னிடம் கன்சோலில் ஒரு கணக்கும் கணினியில் ஒரு கணக்கும் இருக்கின்றன. இரண்டையும் இணைக்கலாமா?

பதில்: இணைக்கலாம், ஆனால் அவசரப்படாதீர்கள். சேர்ந்து விளையாடுவது வேறு, சேர்த்து வைத்ததை எல்லா இடத்திலும் பயன்படுத்துவது வேறு. இரண்டாவது எல்லா விளையாட்டிலும் கிடைப்பதில்லை. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் 2020இல் கிராஸ்பிளே தந்தது. கணக்குகளை ஒன்றாக்கும் வசதி 2023இல்தான் வந்தது. இணைக்கும்போது எந்தக் கணக்கு முதன்மையாக நிற்கும், மற்றதில் உள்ளவை என்னவாகும் என்று திரையில் எழுதியிருப்பதை முழுவதும் படியுங்கள். என் தம்பியின் கன்சோலை, ஒரு விளையாட்டில், நான் எப்போதோ திறந்து மறந்துபோன வெறுங்கணக்கோடு தவறாக இணைத்துவிட்டேன். அவன் மூன்று ஆண்டுகள் சேர்த்தவை அதன்பின் அவன் கைக்கு வரவில்லை. இணைப்பை நீக்கலாம் என்றார்கள். நீக்கிய பிறகு வேறு கணக்கோடு இணைக்க அனுமதிக்கவில்லை. அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

கேள்வி (சென்னை): நான் மவுசில் விளையாடுபவன். கண்ட்ரோலர்காரர்களுக்கு மென்பொருளே குறிபார்த்துக் கொடுக்கிறது. இது அனுமதிக்கப்பட்ட ஏமாற்று வேலை இல்லையா?

பதில்: ஏமாற்று வேலை என்ற சொல்லை ஏற்க மாட்டேன், ஆனால் உங்கள் குறையில் நியாயம் இருக்கிறது. மவுஸ் பிடித்தவர் மணிக்கட்டையும் முழங்கையையும் சேர்த்து நகர்த்துகிறார். கண்ட்ரோலர் பிடித்தவருக்குக் கட்டைவிரல் நகரும் ஓரிரு சென்டிமீட்டர்தான் களம். அந்த வேறுபாட்டை ஈடுசெய்யவே குறிபார்க்கும் உதவி வந்தது. அதில் இரண்டு வகை உண்டு. குறி எதிரியின் மேல் வரும்போது அதன் வேகத்தைக் குறைப்பது ஒன்று. எதிரி நகர்ந்தால் பார்வையையும் ஓரளவு அவரோடு சேர்த்துத் திருப்புவது மற்றொன்று. சண்டை இந்த இரண்டாவதைப் பற்றியதுதான்.

ஒரு வாசலில் இருவர் கைக்கெட்டும் தூரத்தில் மோதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். எதிரி சட்டென்று வலப்பக்கம் திரும்புகிறார். மவுஸ்காரரின் கண் அதைப் பார்த்து, மூளை முடிவெடுத்து, கை நகர சுமார் 200 மில்லி வினாடி ஆகும். கண்ட்ரோலர்காரர் இடது விரலால் நடந்துகொண்டிருந்தால் போதும், மென்பொருள் அந்தக் காத்திருப்பு இல்லாமலேயே குறியைத் திருப்பத் தொடங்கிவிடுகிறது. அந்த இடைவெளியில் துப்பாக்கியிலிருந்து இரண்டு மூன்று குண்டுகள் போய்விடும். தொலைவிலிருந்து சுடும்போது இந்த உதவி பெரிதாகப் பயன்படாது. அங்கே மவுசின் கைதான் ஓங்கும்.

கேள்வி (கோவை): மேலே சென்னை நண்பருக்கு நீங்கள் சொன்னதை ஏற்க முடியவில்லை. கணினிக்காரருக்கு நொடிக்கு 240 படங்கள் ஓடும் திரை, என்னிடம் 60 படங்கள் ஓடும் பழைய தொலைக்காட்சி. உதவியையும் எடுத்துவிட்டால் நாங்கள் எதற்கு விளையாட வேண்டும்?

பதில்: உதவியை எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. திரையைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. 60 படங்கள் என்றால் ஒரு படத்திற்கும் அடுத்ததற்கும் இடையே 16.7 மில்லி வினாடி. 240 என்றால் 4.2 மட்டுமே. தொலைக்காட்சியில் கேம் மோட் போடாவிட்டால் தாமதம் இன்னும் கூடும், அதை இன்றே பாருங்கள்.

ஆனால் உங்கள் குறையும் சென்னை நண்பரின் குறையும் ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன. யார் எந்த இயந்திரம் வைத்திருக்கிறார் என்று பார்த்துப் பிரிப்பதால் பயனில்லை. யார் எதைக் கையில் பிடித்திருக்கிறார் என்று பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். கணினியிலும் கண்ட்ரோலர் செருகலாம், கன்சோலிலும் சில விளையாட்டுகள் மவுசை ஏற்கின்றன. 2021இல் ஹேலோ இன்ஃபினிட் வெளியானபோது, தனியாகவோ இருவராகவோ தரவரிசை ஆட்டத்தில் சேர்பவர்களுக்கு மவுஸ் வரிசை, கண்ட்ரோலர் வரிசை என இரண்டைத் தனித்தனியே வைத்தது. அதுவே நேர்மையான வழி என்று நம்புகிறேன். 2024இல் கன்சோலுக்கு வந்த வேலரண்ட் அதைவிடக் கடுமையாக, கணினியோடு சேரவே விடவில்லை. ஏபெக்ஸ் அதே ஆண்டில் கணினி ஆட்டங்களில் மட்டும் குறிபார்க்கும் உதவியைக் குறைத்தது.

கேள்வி (மதுரை): அண்ணா, எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம்?

பதில்: கணினி பாகங்கள் தெரிந்தவரிடம் கேளுங்கள், தம்பி. இது என் துறை இல்லை.

கேள்வி (சென்னை, மீண்டும்): கோவை நண்பர் நியாயம் பேசுகிறார். ஆனால் கன்சோலில் மவுசைச் செருகி, அதைக் கண்ட்ரோலர் போலக் காட்டும் கருவிகளை விற்கிறார்களே, அவர்களை என்ன செய்வது?

பதில்: இதை ஏமாற்று வேலை என்று தயங்காமல் சொல்வேன். மவுசின் துல்லியமும் கண்ட்ரோலருக்கான உதவியும் ஒருவருக்கே கிடைத்தால் ஈடு என்ற பேச்சுக்கே இடமில்லை. 2023இல் ரெயின்போ சிக்ஸ் சீஜ் இதற்கு ஒரு நல்ல தண்டனை கண்டது: இத்தகைய கருவியைப் பயன்படுத்துபவரின் அசைவுகளுக்குத் தாமதத்தைச் சேர்த்து, விளையாடுவதையே கடினமாக்கியது. கோவை நண்பரே, நீங்களும் சென்னை நண்பரும் சேர்ந்து எதிர்க்க வேண்டியவர்கள் இவர்கள்தான்.

கேள்வி (தஞ்சாவூர்): என் 12 வயது மகன் எக்ஸ்பாக்சில் முகம் தெரியாதவர்களோடு பேசி விளையாடுகிறான். தடுக்க முடியுமா?

பதில்: முடியும், அம்மா. அவனுக்குச் சிறுவர் கணக்கு திறந்து, உங்கள் கணக்கைப் பெற்றோர் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். பிற தளத்தினரோடு விளையாட அனுமதிப்பதா என்பது தனியுரிமை அமைப்பில் தனியாக இருக்கிறது; குரல் பேச்சை நண்பர்களுக்கு மட்டும் என்று சுருக்கலாம். ஒன்றை மறக்க வேண்டாம்: விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் குரல் வசதி தனி, அதையும் அந்தந்த விளையாட்டின் அமைப்பில் போய் அணைக்க வேண்டும். கணக்கு திறக்கும்போது பிறந்த ஆண்டை உண்மையாகக் கொடுங்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம்): கணினியில் விளையாடவும் பிளேஸ்டேஷன் கணக்குக் கேட்கிறார்கள். நாடுகளின் பட்டியலில் இலங்கையே இல்லையே?

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. 2024 மே மாதம் ஹெல்டைவர்ஸ் 2இல் இதே பிரச்சினை வெடித்தது. கணினியில் வாங்கியவர்களும் பிளேஸ்டேஷன் கணக்கை இணைத்தே தீர வேண்டும் என்று அறிவித்தார்கள். அந்தச் சேவையே இல்லாத நாடுகளில் அதை ஏற்கெனவே விற்றிருந்தார்கள். எதிர்ப்பு வலுத்ததும் ஓரிரு நாளில் கைவிட்டார்கள். வேறு நாட்டின் பெயரில் கணக்குத் திறக்கலாம் என்று பலர் சொல்வார்கள். அது விதிமீறல், கணக்கே முடங்கக்கூடும். வாங்கும் முன் கடைப் பக்கத்தில் கணக்கு நிபந்தனையைப் பாருங்கள்.

கேள்வி (நாமக்கல்): ஜிடிஏவில் எக்ஸ்பாக்ஸ், கணினி சேருமா? / (வேலூர்): ஜிடிஏ ஆன்லைன் கிராஸ்பிளே எப்படிப் போடுவது?

பதில்: சேலம் நண்பருக்குச் சொன்ன பதில் உங்கள் இருவருக்கும் பொருந்தும். எந்த அமைப்பிலும் அதற்கான பொத்தான் இல்லை. இருப்பதாகக் காட்டும் காணொளிகளை நம்பி எதையும் பதிவிறக்காதீர்கள்.

கேள்வி (திருநெல்வேலி): கிராஸ்பிளே போட்டால் பிங் ஏறுகிறது. அணைத்துவிடலாமா?

பதில்: பிங் என்பது உங்கள் கட்டளை சர்வருக்குப் போய்வர ஆகும் நேரம். அது சர்வரின் தொலைவைப் பொறுத்தது, எதிரியின் இயந்திரத்தைப் பொறுத்ததில்லை. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர், போய்வர 29 மில்லி வினாடிக்குக் குறைய வழியில்லை. நம் பகுதியில் கன்சோல்காரர்கள் குறைவு என்பதால், அணைத்தால் பல விளையாட்டுகளில் ஆளே கிடைக்காமல் இன்னும் தொலைவான சர்வருக்கு அனுப்பப்படுவீர்கள். அணைக்காதீர்கள்.

கேள்வி (சென்னை, இன்னொருவர்): என்னிடம் பிளேஸ்டேஷன் 4, டொரொன்டோவில் இருக்கும் அண்ணனிடம் கணினி. ஞாயிற்றுக்கிழமைதோறும் சேர்ந்து விளையாட ஏதாவது சொல்லுங்கள்.

பதில்: அவ்வளவு தொலைவில் துப்பாக்கிச் சண்டை வேண்டாம், இருவருக்கும் எரிச்சல்தான் மிஞ்சும். மைன்கிராஃப்ட் எடுங்கள். கணினியில் அதற்கு ஜாவா, பெட்ராக் என்று இரண்டு பதிப்புகள் உண்டு. 2022 முதல் இரண்டும் ஒன்றாகவே விற்கப்படுகின்றன. கன்சோலோடு சேர்வது பெட்ராக் மட்டும்தான், எனவே அண்ணன் திறக்க வேண்டியது அதைத்தான். உங்கள் பக்கம் ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கும், இது விலை கொடுத்து வாங்கும் விளையாட்டு என்பதால் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாவும் தேவை. அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கு உங்களுடையதுதானா, பழைய அலுவலக மின்னஞ்சலில் திறந்ததா என்று பார்த்துவிட்டு இணையுங்கள்.