கோட்டோரம் கேள்வி பதில்: முப்பத்திரண்டுக்கு முப்பத்திரண்டு

போன இதழில் சென்னை ஓப்பன் டென்னிஸ் ஆண்கள் ஒற்றையர் இறுதி ஆட்ட முடிவுகளை, 1997 தொடங்கி 2017 வரை இருபத்தொன்றையும், ஒரே பக்கத்தில் போட்டிருந்தோம். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு வந்த கடிதங்கள்தான் இந்த முறை. வங்கி வேலையில் இருந்த காலத்தில் நான் ஜனவரி முதல் வாரம் லீவு போட்டுவிட்டு நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தில் கோட்டு நடுவராக நின்றவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு: பந்து கோட்டைத் தாண்டி விழுந்தால் "அவுட்" என்று கத்துவாரே, அந்த ஆள்.

அந்தப் பட்டியலில் உங்களுக்குப் பிடித்த வரி எது சார்? (சிதம்பரம் வாசகர்)

ஒரு வரி இல்லை, இரண்டு. அடுத்தடுத்து இருக்கின்றன, சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

2004: கார்லோஸ் மோயா, பராதோர்ன் ஸ்ரீசபனை வென்றார், 6-4, 3-6, 7-6.
2005: கார்லோஸ் மோயா, பராதோர்ன் ஸ்ரீசபனை வென்றார், 3-6, 6-4, 7-6.

அச்சுப்பிழை என்று நினைத்து ஒருவர் போன் செய்தார். பிழை இல்லை. முதல் இரண்டு செட்டும் இடம் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான். ஒரு பென்சிலை எடுத்து கேம்களைக் கூட்டிப் பாருங்கள். 2004-ல் மோயா எடுத்தது 6, 3, 7. மொத்தம் 16. தாய்லாந்துக்காரரான பராதோர்ன் எடுத்தது 4, 6, 6. அதுவும் 16. அடுத்த வருடமும் அதே கணக்கு, 16-க்கு 16. இரண்டு இறுதி ஆட்டங்களிலும் சேர்த்து முப்பத்திரண்டுக்கு முப்பத்திரண்டு. கோப்பை மட்டும் இரண்டுக்குப் பூஜ்யம்.

பராதோர்ன் 2002 முதல் 2005 வரை நான்கு வருடமும் இங்கே இறுதிக்கு வந்தார். கோப்பை தூக்கியது 2003-ல் மட்டும். தோற்றதும் கை இரண்டையும் கூப்பி நான்கு பக்கமும் கும்பிடுவார். ஜெயித்தாலும் அதே கும்பிடுதான். நம் ஊர் கேலரி அவரைப் பக்கத்து வீட்டுப் பையன் மாதிரி பார்த்ததற்கு அந்தக் கும்பிடும் ஒரு காரணம்.

2005 ஆட்டத்தைப் பற்றி இன்னொன்று. டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை சுனாமி. எட்டு நாள் கழித்து, திங்கட்கிழமை, போட்டி தொடக்கம். மெரினா பக்கம் போகவே ஜனம் பயந்த வாரம் அது. நாங்கள் நாலு பேர் டீ குடிக்கும்போதெல்லாம் பேச்சு பந்தைப் பற்றி இருக்காது. மோயா அந்த வருடம் ஜெயித்த பரிசுப் பணத்தைச் சுனாமி நிவாரணத்துக்குக் கொடுத்தார். முடிவுகள் பக்கத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

7-6க்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு எண் போடுகிறார்களே, அது என்ன? (பத்தாம் வகுப்பு மாணவி, தேனி)

டை பிரேக்கர் கணக்கு அம்மா. 6-6 என்று நின்றுவிட்டால் ஒரே ஒரு கடைசி கேம். முதலில் 7 புள்ளி எடுப்பவருக்கு செட், ஆனால் இரண்டு புள்ளி முன்னால் இருக்க வேண்டும். நம் பத்திரிகைகளில் 7-6 (7-3) என்று முழுசாகப் போடுவார்கள். வெளிநாட்டுப் பட்டியல்களில் தோற்றவர் எடுத்த எண்ணை மட்டும் போடுவார்கள், (3) என்று. ஜெயித்தவர் எவ்வளவு எடுத்தார் என்று நீயே கண்டுபிடித்துக்கொள்ளலாம்: 5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் 7, அதற்கு மேலே இருந்தால் இரண்டைக் கூட்டிக்கொள்.

2008-ல் யூஷ்னி 6-0, 6-1 என்று நடாலை வென்றதாகப் போட்டிருக்கிறீர்கள். நடாலா? நிஜமாகவா? அன்றைக்கு ஏதாவது உடம்பு சரியில்லையா? (கோவில்பட்டி வாசகர்)

நிஜம்தான். அப்போது அவர் உலகத்தில் இரண்டாம் இடம். கேலரியில் டிக்கெட் வாங்கினவர்களில் பாதிப் பேர் அவருக்காகத்தான் வந்திருந்தார்கள்.

உங்கள் கேள்விக்குப் பதில் இறுதி ஆட்டப் பட்டியலில் இல்லை, முந்தின நாள் அரையிறுதியில் இருக்கிறது. சனிக்கிழமை நடால், மோயாவை 6-7, 7-6, 7-6 என்று தாண்டினார். இரண்டு பேரும் ஸ்பெயினின் மயோர்கா தீவுக்காரர்கள், அண்ணன் தம்பி மாதிரி. நடால் தோற்க ஒரு புள்ளி பாக்கி என்ற நிலைக்குப் போய், ஒரு தடவை இல்லை, பல தடவை, திரும்பி வந்தார். 3 மணி 54 நிமிடம். மூன்று செட் ஆட்டத்துக்கு இது அநியாயம். ஐந்து செட் ஆட்டங்களே பல இதற்குள் முடிந்துவிடும்.

சனிக்கிழமை 39 கேம். ஞாயிற்றுக்கிழமை 13. சரியாக மூன்றில் ஒரு பங்கு. ஞாயிறன்று நடால் வழக்கம்போல முதல் புள்ளிக்கு முன்னால் குதித்துக் குதித்து ஓடினார், ஆனால் யூஷ்னி பந்தை மூலைக்கு அனுப்பும்போது அந்த வழக்கமான இரண்டு காலடி வரவில்லை. அதற்காக யூஷ்னியைச் சும்மா கோப்பை வாங்கிப் போனவர் என்று சொல்லிவிடக் கூடாது. களைத்தவனை நிறுத்தி வைத்து அடிக்காமல் ஓடவிட்டு அடிக்கவும் தெரிய வேண்டும்.

மோயாவை நடால் அப்புறம் தன் பயிற்சியாளராகவே வைத்துக்கொண்டார்.

சோம்தேவ் 2009 இறுதிக்கு வந்தது வாக்கோவரில்தானே? அதைப் போய்ச் சாதனை என்கிறார்களே. (பெயர் போட வேண்டாம் என்கிறார், சேலம்)

பெயர் போடாததும் நல்லதுதான்.

அரையிறுதியில் ரெய்னர் ஷட்லர் காயத்தால் ஆட வரவில்லை, அது உண்மை. ஆனால் அதற்கு முந்தின இரண்டு ஆட்டங்களையும் பாருங்கள். தரவரிசையில் 200க்கு வெளியே இருந்த பையன், வைல்டு கார்டில் (போட்டி நடத்துபவர்கள் தரும் தனி அனுமதி) உள்ளே வந்து, இதே ஊரில் இரண்டு தடவை கோப்பை தூக்கிய மோயாவை அனுப்பினார். காலிறுதியில் இவோ கார்லோவிச். சர்வீஸ் போடும்போது பந்து மாடியிலிருந்து வருவது போல வரும். அவரையும் அனுப்பினார். இறுதியில் மாரின் சிலிச்சிடம் 6-4, 7-6 (7-3). இருபத்தொரு வருடத்தில் ஒற்றையர் இறுதி ஆடிய ஒரே இந்தியர் அவர்தான்.

இன்னொரு தகவல். வாக்கோவர் வேறு, பாதியில் விலகுவது வேறு. ஒரு பந்தாவது ஆடிவிட்டு விலகினால் அது வெற்றி தோல்விக் கணக்கில் ஏறும். ஆட்டமே தொடங்காவிட்டால் ஏறாது. அடுத்த சுற்று கிடைக்கும், ஜெயித்ததாகக் கணக்கு கிடைக்காது. ஆக, சேலத்துக்காரரே, சோம்தேவின் கணக்கில் அந்த அரையிறுதி இல்லவே இல்லை. நீங்கள் கழிப்பதற்கு முன்னாலேயே கழித்துவிட்டார்கள்.

வாவ்ரிங்காவுக்குச் சென்னை ராசியா? (திருப்பூர் வாசகி)

2011, 2014, 2015, 2016. நான்கு கோப்பை. ராசி என்றால் 2014-ஐச் சொல்லலாம்: இங்கிருந்து விமானம் ஏறிப் போய் அதே மாதம் ஆஸ்திரேலிய ஓப்பனையும் வாங்கினார். ஆனால் 2010-ல் இதே இடத்தில் சிலிச்சிடம் இறுதியில் தோற்றவரும் அவர்தான். ராசி கொஞ்சம் லேட்டாக வந்தது என்று வைத்துக்கொள்வோம்.

நீங்கள் தப்பாக "அவுட்" சொன்னதுண்டா? நேர்மையாகச் சொல்லவும். (மாயவரம் வாசகர்)

உண்டு. வருடமும் ஆட்டக்காரர் பெயரும் வேண்டாம். ஒரு முதல் சுற்று, பகல் வெயில், கேலரியில் இருநூறு பேர் இருந்தால் அதிகம். பேஸ்லைன், அதாவது மைதானத்தின் பின்கோடு, என் பொறுப்பு. மற்ற கோடுகளைவிட அது தடிமன், நாலு அங்குலம் வரை போடலாம். அதன் பின்விளிம்பில் பந்து உரசியது. என் வாய் முந்திக்கொண்டது. சொன்ன நொடியே தெரிந்துவிட்டது, தப்பு. நாற்காலி நடுவர் திருத்தினார், அந்தப் புள்ளியை மறுபடி ஆடினார்கள். அடித்தவர் என்னைத் திட்டவில்லை. கோட்டருகே வந்து, டவலால் முகத்தைத் துடைத்துக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருக்கலாம். மறுபடி ஆடிய புள்ளியில் அவர் தோற்றார், அந்த செட் 7-5 என்று போனது. பேப்பரில் 7-5 என்றுதான் வந்தது. அந்த ஐந்தில் ஆறாக வேண்டியது ஒன்று இருந்ததோ என்று இன்றைக்கும் சில ராத்திரி கணக்குப் போடுவேன்.

இப்போது அந்தக் கவலையே இல்லை. 2025 முதல் ஏடிபி (ஆண்கள் தொழில்முறை டென்னிஸ் அமைப்பு) போட்டிகளில் கேமராவும் கம்ப்யூட்டரும்தான் கோடு பார்க்கின்றன. அவற்றுக்குத் தூக்கம் கெடாது.

போட்டி ஏன் சென்னையை விட்டுப் போனது? திரும்ப வருமா? (அம்பத்தூர் வாசகர்)

2018-ல் புனேவுக்குப் போனது, 2023-க்குப் பிறகு அங்கேயும் இல்லை. நடத்தும் உரிமை வைத்திருப்பவர் எங்கே சொல்கிறாரோ அங்கேதான் போட்டி, ஊர் அழுது பயனில்லை. அடுத்த கீழ்ப்படியில் உள்ள சாலஞ்சர் போட்டிகள் அதே ஸ்டேடியத்தில் நடக்கின்றன. 2024 பிப்ரவரியில் சுமித் நாகல் இங்கே லூகா நார்டியை 6-1, 6-4 என்று வென்றுதான் முதல் நூறுக்குள் நுழைந்தார். கேலரி நிறைந்திருந்தது, போய்ப் பாருங்கள் அடுத்த முறை.

2017 கடைசி இறுதியில் பாடிஸ்டா அகுட்டிடம் 6-3, 6-4 என்று தோற்றவர் ஒரு இருபது வயது ரஷ்யப் பையன். ஏடிபியில் அவருக்கு அது முதல் இறுதி. பெயர் டானில் மெத்வதேவ். 2021-ல் அமெரிக்க ஓப்பன் வாங்கினார். தோற்றவர்களின் வரிசையையும் வெட்டாமல் போட வேண்டும் என்று ஆசிரியரிடம் நான் அடம்பிடித்தது இதற்குத்தான்.

இத்தனை வருடம் மைதானத்துக்குள்ளேயே நின்றீர்களே, ஆட்டத்தை எங்களைவிட நன்றாக ரசித்திருப்பீர்கள்! (என் வீட்டம்மா, கடிதம் இல்லாமல், சமையலறையிலிருந்து)

அந்த நடால்-மோயா அரையிறுதியில் என் முறை வந்தபோது பக்கவாட்டுக் கோட்டில் நின்றேன். முட்டியில் கை ஊன்றி, குனிந்து, கண் சிமிட்டாமல். பந்து எங்கே போகிறது என்று தலையைத் திருப்பக் கூடாது, நம் கோட்டுக்கு வரும்போது பார்த்தால் போதும். மேலே கேலரியில் ஆவென்று சத்தம் வரும். என்ன நடந்தது என்று தெரியாது. இரண்டு அங்குல வெள்ளைக்கோடு, அதன் ஓரத்தில் யாரோ இழுத்த ஷூ தடம் ஒன்று, அதுதான் நான் பார்த்தது. எப்படி அடித்தார்கள் என்பதை மறுநாள் காலை நீ கொண்டுவந்து வைத்த பேப்பரில்தான் படித்தேன்.